பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை

வண்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் சொன்னேன், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் இருக்கும்போது சொன்னேன். "விளக்கு எரிஞ்சா நல்லதுதானே மாப்பிள்ளே, அணைஞ்சாத்தானே அபசகுனம்?" என்றார். மேற்கொண்டு பேச அங்கே என்ன இருக்கிறது? ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குன்னூருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஏக்கர் தேயிலை. ஒரு ஏக்கர்க்காரன் பச்சை இலையை ஏஜென்டிடம் போட்டுவிட்டு, வருகிற காசை வாங்கிக்கொண்டு, தேயிலை விலையைத் திட்டியபடி வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் இந்த மலையின் மரபு. எனக்கு வெயில் போதவில்லை. சொந்தமாகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கி, இலையை நானே ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், இலை இல்லாத நாளில் அக்கம்பக்கத்தார் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கி, வரும்போது உரமும் அரிசியும் ஏற்றி வந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள், வேண்டும்போது எடுத்துக் காட்டுவதற்காக.

கீழே ஒரு புரோக்கரிடம் வண்டி அமைந்தது. டீசல், பி.எஸ். 4. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் நேர் எதிரே மீட்டர் கண்ணாடியில் ஒரு சின்ன முருகன் ஸ்டிக்கர், வேலும் மயிலுமாக. எனக்கு உள்ளம் உருகிவிட்டது. பக்திமான் ஓட்டிய வண்டி, பொய் இருக்காது என்று பேரம்கூடப் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தேன். குன்னூர் பனிக்கும் ஈரத்துக்கும் எந்தப் பசை தாங்கும்? ஒருநாள் காலை முருகன் உரிந்து என் மடியில் விழுந்தார். அவர் நின்ற இடத்தில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்துகொண்டிருந்தது. அதாவது, வாங்கியதிலிருந்து நான் தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது செக் லைட்டை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி பார்க்கப் போனால் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. முதலிலேயே எரியாவிட்டால் அதைவிடப் பெரிய கோளாறு: பல்பைப் பிடுங்கியிருப்பார்கள், கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் தெய்வத்தை நிறுத்தியிருப்பார்கள்.

விளக்கோடு போயிருந்தால் நானும் இன்னொரு முருகன் வாங்கி ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே. சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் மெதுவாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது கண் சிமிட்டினால்தான் ஆபத்து. பெட்ரோல் வண்டியில் அப்படிச் சிமிட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே இருக்கும் விலை உயர்ந்த கன்வெர்ட்டரைச் சுட்டுத் தீர்த்துவிடும். என்னுடையது சிமிட்டவில்லை. நிதானமாக, வைராக்கியமாக எரிந்தது. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் தாண்டி ஏறும்போது வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் பின்னால் கரும்புகை வந்ததே தவிர முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. பிக்கப்புக்குப் பிக்கப் இல்லை. அந்த ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் 14. ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அரசு பஸ் என்னைத் தாண்டியபோது கண்டக்டர் எட்டிப் பார்த்தார். திட்டவில்லை, பரிதாபப்பட்டார். காட்டேரிக்குக் கிட்டே மலை ரயில் கூவியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கிற ரயில் அது. எனக்கு முன்னால் குன்னூர் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாத இடம் எண் இரண்டு. லோடு டிரைவர் ஒருவர் "டர்போ போச்சு" என்றார். இலை ஏஜென்ட் "டீசல்ல கலப்படம்" என்றார். எலெக்ட்ரீஷியன் "எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்றார். அவரவருக்கு எது பிழைப்போ அதுவே என் வண்டியின் நோய். நான் யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் செய்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன், எலிக்கு மருந்து வைத்தேன். எலி செத்தது. விளக்கு எரிந்தது.

கடைசியில் ஒரு பையன், "பேட்டரி டெர்மினலைக் கழட்டி, ஒரு டீ குடிச்சிட்டு வந்து மாட்டுங்க" என்றான். கழற்றினேன், குடித்தேன், மாட்டினேன். விளக்கு அணைந்துவிட்டது! எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தடவை உர மூட்டையோடு ஏறும்போது பழைய இடத்திலேயே மறுபடி எரிந்தது. பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போகும், கோளாறு போகாது. வடைக்காசும் திரும்பாது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சினன் இதைக் கேள்விப்பட்டு ஒரு ஸ்கேனர் வாங்கி அனுப்பினான். தீப்பெட்டி அளவு, வண்டியில் செருகினால் போனில் செய்தி வரும். இந்த விளக்கும் ஸ்கேனரைச் செருகுகிற சாக்கெட்டும் வந்த கதை வேடிக்கையானது. கலிஃபோர்னியாவில் கார்ப் புகை தாங்காமல், 1988 முதல் ஒவ்வொரு புதுக் காரும் தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடித்து விளக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி செய்தார்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்கிற எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 முள் சாக்கெட். நம் ஊர் வண்டிகளிலும் அதே சாக்கெட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக, அந்த விளக்கு என் சௌகரியத்துக்காக வைத்ததே இல்லை, ஊர்க் காற்றுக்காக வைத்தது. என் வண்டியிலேயே எனக்கு இரண்டாவது இடம்தான்.

சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் என்று மச்சினன் சொன்னான். எவ்வளவு கீழே என்று சொல்லவில்லை. தலையைப் பெடல் பக்கம் விட்டு, காலைக் கதவுக்கு வெளியே நீட்டி, மல்லாந்து கிடந்து தேடினேன். கொழுந்து பறிக்கப் போன அக்காமார் நின்று, "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று கேட்டார்கள். பணத்தை என்று சொன்னால் அவர்களும் சேர்ந்து தேடுவார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

போனில் வந்த எழுத்து: பி-0299. ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். 'பி' என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு. அதற்கடுத்த 2, எரிபொருளும் காற்றும் போகிற பகுதி. மொத்தத்தில், டர்போ தள்ள வேண்டிய அளவு காற்றைத் தள்ளவில்லை. காலையில் காபி குடித்தபடி இதையெல்லாம் மனைவிக்கு ஒப்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "டாக்டர் உங்க பி.பி. எவ்வளவுன்னு கேட்டப்ப என் மூஞ்சியைப் பார்த்தீங்க" என்றாள்.

கோடு கிடைத்ததும் எனக்கு மதிப்பு கூடும் என்று நினைத்தேன். செலவுதான் கூடியது. மலையில் ஒரு பட்டறையில் கோட்டைக் காட்டினேன். முதலில் காற்றழுத்தம் அளக்கிற சென்சாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு டர்போவையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகையில் வண்டியைப் பாதி திரும்ப வாங்கிவிடலாம். பயந்துபோய் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரு மெக்கானிக் பெரிய ஸ்கேனரை மாட்டி, கோட்டை அழித்து, காலி வண்டியைக் காரமடை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி ஜம்முனு இருக்குதுங்க. உங்களுக்குத்தான் மனசுல என்னமோ" என்றார். மேலே போனால் வண்டிக்கு ஆபரேஷன், கீழே வந்தால் எனக்கு மனநோய்.

இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850, ஊட்டி 2,240. குன்னூரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. படியேறினால் எனக்கு மூச்சு வாங்குவதற்கு வயதுதான் காரணம் என்று சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். டர்போ இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் பாடுபடுகிறது: வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சமதளத்தில் காலி வண்டிக்கு அது அரை வேலை செய்தால் போதும். உர மூட்டையோடு மலை ஏறினால் முழு வேலை. ஆகவே நடுவில் எங்கேயோ ஒரு கசிவு இருந்தால், காரமடையில் தெரியாது. காட்டேரியில் ஊரே பார்க்கும்.

கசிவைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். மலை ரயிலில், குன்னூர் ஷெட்டில், நீராவி இன்ஜினோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த ரயில் அது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரியவர் அந்த அறிவிப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில், பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போன சுவிட்சர்லாந்து இன்ஜின்கள் அவருடையவை. போனில் பி-0299-ஐக் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "எங்க இன்ஜின்ல இருந்த விளக்கெல்லாம் வழி பாக்கத்தான் தம்பி. கோளாறு பாக்கக் காது இருந்துச்சு" என்றார்.

பிறகு உத்தரவுகள் வந்தன. காலி வண்டி உண்மை சொல்லாது, லோடு ஏற்று. ஏற்றினேன், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்ததால் நானே ஏற்றினேன். ரேடியோவை அணை. அணைத்தேன். வாயை மூடு. மூடினேன். குன்னூரிலிருந்து ஊட்டி ரோட்டில், மப்ளரை அவிழ்த்து, குல்லாவைக் காதுக்கு மேலே மடித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி உட்கார்ந்தார். நடுக்குகிற குளிர். அருவங்காடு தாண்டி ஏற்றத்தில் வண்டி முனகத் தொடங்கியதும், "நிறுத்து, ஸ்டீம் லீக்கு" என்றார்.

"ஐயா, இது டீசல் வண்டி."

"ஓட்டை வழியா எது போனாலும் உஸ்ஸுன்னுதான் போகும். பானெட்டைத் திற."

டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. பெரியவர் கீழ்ப்பக்கம் கையை விட்டுத் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்புக்கு ஒட்டினாற்போல் ஒரு கீறல். சும்மா நிற்கும்போது உதடு மூடியிருக்கும். அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. காற்று போதவில்லை என்று சென்சார் ஸ்டேஷனில் ஒழுங்காகப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. திருடன் யார் என்று அது எழுதவே இல்லை. நாங்கள்தான் புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே வைத்தோம், பக்கத்து வீட்டுக்காரனான டர்போவைத் தூக்கில் போடத் தேதி குறித்தோம். ஹோஸ் மாற்றிய செலவு, அதற்கு முன் நான் மாற்றியவற்றின் செலவில் ஒரு ஓரத்துக்குக் காணாது. எலி மருந்தும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று மனைவி சொல்கிறாள்.

ஹோஸ் மாற்றியதும் விளக்கு உடனே அணைந்துவிடாது. ஸ்கேனரில் அழிக்கலாம், இல்லாவிட்டால் கோளாறில்லாமல் மூன்று ஓட்டம் ஓடினால் கம்ப்யூட்டர் தானே அணைத்துவிடும். ஆனாலும் பழைய கோட்டை உள்ளே ஒரு மூலையில் வைத்திருக்கும். இன்ஜின் 40 தடவை சூடாகி ஆறியபிறகுதான் அதை முழுதாக மறக்கும். இதையும் மனைவியிடம் விளக்கமாகச் சொன்னேன். "பரவாயில்லையே, நாப்பது தடவையில மறந்துடுதா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

இப்போது விளக்கு எரிவதில்லை. ஆனால் பெரியவர் வண்டியை விட்டு இறங்குவதும் இல்லை. மண்டிக்குப் போனாலும் முன்சீட்டில் இருக்கிறார், ஃபேக்டரிக்குப் போனாலும் இருக்கிறார். இடது பின் சக்கரத்தில் பேரிங் பேசுகிறது என்றார், பார்த்தால் பேசியது. பிரேக் லைனிங் அழுகிறது என்றார், அழுதது. போன வாரம் காட்டேரி வளைவில் நான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ஏதோ நொறுக்கென்றது. எனக்குப் பகீர் என்றது. "ஐயா, கிளட்ச் பிளேட்டா, கியர் பாக்ஸா?" என்று கேட்டேன். பெரியவர் குல்லாவை மடித்துவிட்டு, கண்ணை மூடி, இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வண்டி அருமையா இருக்கு தம்பி. அது உன் முழங்கால்."