பத்துக்குப் பத்து

வாரண்டி கார்டை வாங்கிய அன்று யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டிய அன்று அது கிடைப்பதில்லை. எனக்கு ஏதோ நல்ல நேரம், கிடைத்தது. மூன்று வருட வாரண்டி என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில், எதற்கெல்லாம் கிடையாது என்று ஒரு பட்டியல். தண்ணீர் பட்டால் கிடையாது. கீழே விழுந்தால் கிடையாது. மின்னல் அடித்தால், கரண்ட் கூடிக் குறைந்தால், பூச்சி புகுந்தால், தானாகத் தேய்ந்தால் கிடையாது. பேட்டரிக்கு ஒரு வருடம்தான். ஆக, லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டி, தினமும் கற்பூரம் காட்டி வந்தால் மூன்று வருட வாரண்டியும் முழுசாக நமக்குத்தான். கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று காட்ட வேண்டும். நெருப்பும் பட்டியலில் இருக்கிறது.

என் லேப்டாப்புக்கு வந்த நோய் மூடியில். திறக்கும்போதெல்லாம் இடது பக்கம் முனகிக்கொண்டிருந்தது, ஒரு நாள் 'டப்' என்றது. மூடியைத் தாங்கும் கீல் இருக்கிறதே, 'ஹிஞ்ச்' என்பார்கள், அது உலோகம். அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள் இறங்குவது மிளகளவு பித்தளைக் குமிழ்களில். அந்தக் குமிழ்கள் பதிந்திருப்பதோ வெறும் பிளாஸ்டிக்கில். கீல் நாளாக ஆக இறுகும். நாம் மூடியைத் தூக்குவோம், கீல் மடங்க மறுக்கும், பாரம் முழுக்கப் பிளாஸ்டிக் தலையில் விழும். அது எத்தனை நாள்தான் தாங்கும்? குமிழோடு பெயர்ந்துகொண்டு வந்துவிடும். பிறகு மூடியைத் திறந்தால் அடிப்பாகமும் சேர்ந்து வாயைப் பிளக்கும்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒரு எண், லேப்டாப்புக்கு ஒரு எண், பழுதுக்கு ஒரு எண் என்று அமுக்கி, ஒரே புல்லாங்குழல் பாட்டைப் பல தடவை கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தார். சீரியல் நம்பர் கேட்டார். அது லேப்டாப்பின் அடிவயிற்றில், எறும்பு படிக்கிற அளவில் அச்சாகியிருந்தது. நான் கவிழ்த்துப் பிடிக்க, மனைவி டார்ச் அடிக்க, உடைந்த கீல் இன்னும் கொஞ்சம் முனக, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பித்தேன்.

"அது ஓ-வா, ஜீரோவா சார்?"

"வட்டமா இருக்கு மேடம்."

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம் சார். லேப்டாப்பை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"மேடம், உடைஞ்சது ஹிஞ்ச்."

"புரியுது சார். ரீஸ்டார்ட் பண்ணிட்டு லைன்லயே இருங்க."

செய்தேன். பயாஸ் அப்டேட் செய்யச் சொன்னார், செய்தேன். ஹார்டுவேர் டெஸ்ட் ஓட்டச் சொன்னார், அதையும் ஓட்டினேன். பிராசசர் பாஸ், மெமரி பாஸ், ஃபேன் பாஸ்.

"எல்லாமே பாஸ் சார். உங்க லேப்டாப் நல்ல கண்டிஷன்ல இருக்கு."

"மூட முடியலையே மேடம்?"

"அது டெஸ்ட்ல வராது சார்."

அவர் குரலில் கடைசிவரை ஒரு சுருக்கம் விழவில்லை. 'சார்' குறையவில்லை. கோபப்படவாவது செய்தால் நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தையே தர மாட்டார்கள். படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். 'பிசிக்கல் டேமேஜ், வாரண்டி பொருந்தாது' என்று மெயில் வந்தது. அனுப்பியது யார்? 'பேக்எண்ட் டீம்'. அவர்களோடு பேச முடியுமா? "எங்களாலேயே பேச முடியாது சார், மெயில்தான் போடணும்."

அப்போதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் பிடிபட்டது. மரியாதையையும் அதிகாரத்தையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மரியாதை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அதிகாரம் கிடையாது. அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மரியாதைக்காரருக்கே தெரியாது.

நேரில் போனால் முகத்தைப் பார்த்தாவது இரக்கப்படுவார்கள் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன், ஏசி, தண்ணீர் கேன். கவுன்ட்டரில் ஒரு பையன். முதல் வேலையாக லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். ஓரத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவக்கும். சிவந்தால் வாரண்டி அம்பேல். காற்றிலுள்ள ஈரத்துக்கெல்லாம் அது சிவக்காது என்பார்கள். ஐப்பசியில் சென்னைப் பக்கம் வந்திராதவர்கள் சொன்னதாக இருக்கும். நல்ல வேளை, என்னுடையது வெளுப்பாகவே இருந்தது. உடனே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனால் கம்பெனி பொறுப்பல்ல என்ற தாள். பழுது பார்ப்பார்களா என்பது முடிவாகவில்லை, பார்த்தால் எதற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது மட்டும் முடிவாகியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். புது லேப்டாப், திரையில் ஒரு பச்சைப் புள்ளி, எதைப் போட்டாலும் அணையவில்லை. ஒரு புள்ளியெல்லாம் கணக்கில் வராது என்று பையன் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து சொல்லவில்லை. திரைகளில் எத்தனை புள்ளி கெட்டிருக்கலாம் என்பதற்கு 2001-லேயே ஐஎஸ்ஓ 13406-2 என்று உலகத்தரம் ஒன்று வகுத்தார்கள். கம்பெனிகள் பெரும்பாலும் கைக்கொண்ட அதன் இரண்டாம் வகுப்பின்படி, பத்து லட்சம் பிக்சலுக்கு எந்நேரமும் எரிகிற பிக்சல் இரண்டு, எந்நேரமும் அணைந்த பிக்சல் இரண்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற உட்புள்ளிகளில் கோளாறு ஐந்து வரை இருந்தால் திரை நல்ல திரைதான். சாதாரண ஃபுல் எச்டி திரையிலேயே 20,73,600 பிக்சல். பின்னால் வேறு தரம் வந்து இதை மாற்றிவிட்டது, கம்பெனிக்கு ஒரு கணக்கு உண்டு என்பது மாறவில்லை. பழைய கணக்குப்படி அந்த அம்மாளுக்கு இன்னும் ஒன்பது பச்சைப் புள்ளி பாக்கி.

விஷயம் புரிந்ததும் அவர் எழுந்துகொண்டார். "சரி தம்பி, மீதியும் வரட்டும். கோலமே போட்டுடறேன்."

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஒரு போன். அதே கம்பெனி. இருக்கிற வாரண்டியை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக்கொள்கிறீர்களா என்று ஒரு பெண். இன்ஜினீயர்கள் 'பாத்டப் கர்வ்' என்று குளியல்தொட்டி வடிவத்தில் ஒரு கோடு போடுவார்கள். மின்னணுச் சாமான் கெட்டுப்போவது பெரும்பாலும் பிறந்த புதிதில், இல்லையென்றால் மூப்பெய்திய பிறகு. நடுவில் தொட்டியின் அடிப்பாகம் மாதிரி வருடக்கணக்கில் தட்டையாகக் கிடக்கும். நீட்டித்த வாரண்டி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அந்தத் தட்டை இடத்துக்குத்தான்.

"இருக்கிற வாரண்டியே வேலை செய்யலைம்மா" என்றேன்.

"அது வேற டிபார்ட்மென்ட் சார். நீங்க இப்பவே எடுத்தா என் லெவல்லயே டிஸ்கவுன்ட் போட்டுத் தரேன்."

என் லெவல்லயே! அந்தக் கம்பெனியில் மரியாதையும் அதிகாரமும் ஒரே வாயில் சேர்ந்து ஒலித்ததை அப்போதுதான் கேட்டேன். விற்கிற இடத்தில் இரண்டையும் பிரிக்கவில்லை.

மரியாதையே இல்லாத அதிகாரத்தையும் பார்த்துவிடலாமென்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், கேபிள் சுருள்களையும் பைக்குகளையும் தாண்டி, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடைகள். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாலிடரிங் கம்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறுகையால் மூடியைப் பாதி திறந்தார்.

"ஹிஞ்ச் புட்டுக்குச்சு. கேஸ் மாத்தணும். வாரண்டி கீதா?"

"இருக்கு, ஆனா..."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்த? நான் கை வெச்சா அத்த சாக்கா வெச்சு வாரண்டி இல்லன்னுடுவான். போய் அவனாண்ட சண்ட போடு. முடியலன்னா வா."

மொத்தம் அரை நிமிடம். நோய் இன்னது, மருந்து இன்னது, யார் செலவில் என்பது வரை தீர்ப்பாகிவிட்டது. 'சார்' மட்டும்தான் இல்லை.

அவர் சொன்னபடியே சண்டைக்கு இறங்கினேன். நம் ஊரில் அதற்கு ஆயுதம் இல்லாமல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிந்தால் புகார் கம்பெனிக்கே போகும். அதிலும் ஆகாவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 1915-இல் பதிந்துவிட்டு, சட்டத்தின் பெயரையும் வருடத்தையும் போட்டுக் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டினேன். திட்டவில்லை. அவர்களிடம் கற்ற பணிவிலேயே எழுதினேன்.

பேக்எண்டுக்கு உயிர் வந்தது. "சார், உங்க கேஸை எஸ்கலேஷன் டீம் எடுத்திருக்காங்க. இந்த ஒரு தடவை மட்டும், நல்லெண்ண அடிப்படையில, ஃப்ரீயா மாத்தித் தர்றோம்." காசு கொடுத்து வாங்கியது வாரண்டி, கைக்கு வந்தது நல்லெண்ணம். கணக்குப் பார்க்காமல் சரியென்றேன்.

வீட்டுக்கே ஒரு பையன் வந்தான். தரையில் துண்டு விரித்து, திருகாணிகளைக் கழற்றக் கழற்ற எது எங்கேயிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் அடுக்கினான். விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகி நகர்த்த, 'டிக் டிக்' என்று கேஸ் விட்டுக் கொடுத்தது. உள்ளேயிருந்து பித்தளைக் குமிழ் ஒன்று பிளாஸ்டிக் துணுக்கைக் கவ்வியபடியே உருண்டு வந்தது.

"இந்த மாடல்ல பாதிப் பேருக்கு இதேதான் சார்" என்றவன், சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றான்.

"சொல்லலை தம்பி, காபி ஆறுது, குடி" என்றாள் மனைவி.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினான். "சார், சர்வே ஒண்ணு வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. எட்டு போட்டா எங்களுக்குப் பிரச்னை."

35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த மண்ணில் எட்டு எப்படிப் பிரச்னையாகும்? காரணம், 2003-இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்கர் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிப் பரப்பிய கணக்கு. ஒரே கேள்விதான்: எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? ஒன்பதும் பத்தும் போடுபவர் ஆதரவாளர். ஏழும் எட்டும் இருந்தும் இல்லாத கணக்கு. ஆறும் அதற்குக் கீழேயும் எதிராளி. அறுபது சதவீதம் வாங்கியவனை எதிராளி லிஸ்ட்டில் போடுகிற பரீட்சையை உலகமே எழுதிக்கொண்டிருக்கிறது.

சர்வே வந்தது. பையனுக்குப் பத்து, கம்பெனிக்குப் பூஜ்யம் என்று போட நினைத்தேன். கட்டம் ஒன்றுதான் இருந்தது. காலை முழுக்க வெறுந்தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் முகம் நினைவுக்கு வர, பத்தை அமுக்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன். அதே நீட்டிப்பு வாரண்டிப் பெண்.

"சார், நீங்க எங்க சர்வீஸ்ல ரொம்ப திருப்தியா இருக்கீங்கன்னு சிஸ்டத்துல காட்டுது..."