புள்ளலூருக்கு ஒரு விழாக் குழு

காஞ்சிபுரத்தில் ஒரு போருக்கு நூற்றாண்டு விழா எடுக்கலாமென்று யாருக்காவது தோன்றிவிட்டால், நன்கொடை யாரிடம் கேட்பது, பந்தல் யார் போடுவது என்பதெல்லாம் அப்புறம். முதல் கவலை, எந்தப் போருக்கு? சாளுக்கியர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று தென்னாட்டில் படை திரட்டியவர்களில் இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. அத்தனை பேருக்கும் விழா எடுப்பதென்றால் காமாட்சியின் மாசி உற்சவம், ஏகாம்பரநாதரின் பங்குனி, வரதரின் வைகாசி கருடசேவை இவற்றுக்கு நடுவே சாலை காலியாக இருக்கும் நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனாலும், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவருக்கு அப்படித் தோன்றிவிட்டது.

விதை 2014இல் விழுந்தது. முதல் உலகப் போரின் நூற்றாண்டுக்காக பிரிட்டிஷ் அரசு 5 கோடி பவுண்டு ஒதுக்கியதை வாத்தியார் பேப்பரில் படித்தார். லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் இறந்தவர் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் 8,88,246 பீங்கான் பாப்பிப் பூக்களை நட்டார்கள். விக்டோரியா கிராஸ் வாங்கிய வீரன் எந்த ஊரில் பிறந்தானோ, அந்த ஊரில் அவன் பெயர் பொறித்த கல்லைப் பதித்தார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு 10 மணியிலிருந்து 11 மணி வரை வீடுகளிலும் அலுவலகங்களிலும் விளக்கை அணைத்துவிட்டு ஒற்றை மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவைத்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை வாத்தியார் குரல் தழுதழுக்கப் படித்துக் காட்டியது பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரிடம். அவர் வாத்தியாரிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்.

"ஒரு மணி நேரந்தானா சார்? நாம வருஷக் கணக்கா தினம் பண்ணோமே, அதுக்கு எந்தப் போர்ல செத்தவங்கன்னே யாரும் சொல்லல."

மின்வெட்டில் ஜக்கார்டு அட்டையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்து அவிழ்த்துக் கட்டியவர் சொன்னால் மறுக்க முடியாது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. ஆனால் அதற்கு விழா எடுக்கும் உரிமை சென்னைக்காரர்களிடம் போய்விட்டதாக வாத்தியாருக்கு வருத்தம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டது சென்னையில். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது சென்னையில். உயர் நீதிமன்றத்தில் கல்வெட்டு, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம், எல்லாம் அங்கேயே. காஞ்சிக்குக் கடல் கிடையாது. பாலாற்றில் எம்டனைக் கொண்டுவரலாமென்றால், அதில் கப்பல் மிதக்கத் தண்ணீர் வேண்டும்.

எனவே வாத்தியார் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். காஞ்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது புள்ளலூர். வயலும் ஏரியும் பனைமரமுமாக இருக்கும் இந்த ஊரில் மூன்று பெரிய போர்கள் நடந்திருக்கின்றன.

முதல் போர் ஏழாம் நூற்றாண்டில். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஒரு பக்கம், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி மறுபக்கம். புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரன் அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் பதுங்கும்படி புலிகேசி செய்ததாக ஐஹொளேக் கல்வெட்டு சொல்கிறது. இரண்டு பேரும் ஜெயித்த போர்! இந்த மகேந்திரன்தான், மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுக் குடிபோதையில் காஞ்சித் தெருக்களில் தேடித் திரியும் கபாலிகனை வைத்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்; பழி விழுந்தது ஒரு பௌத்தத் துறவிமேல். புள்ளலூரின் முதல் தளபதியே நகைச்சுவை எழுத்தாளன் என்பதில் வாத்தியாருக்குத் தனிப் பெருமை.

இரண்டாம் போர் 1780 செப்டம்பர் 10. குண்டூரிலிருந்து ஆங்கிலேயப் படையோடு வந்த கர்னல் பெய்லி, கொசஸ்தலை ஆற்றை வந்த அன்றே கடக்காமல் வடகரையில் கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கரையிலேயே காத்துக் கிடந்தார். அவரை எதிர்பார்த்துக் காஞ்சியில் உட்கார்ந்திருந்தார் ஹெக்டர் மன்றோ. அரிசியும் பெரிய பீரங்கிகளும் காஞ்சியில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் போய் உதவ அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் ஆளை அனுப்பிவைத்தார். அவர் தாமே கிளம்பியபோது, புள்ளலூரில் திப்புவும் ஹைதரும் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போய், அங்கேயே 1782இல் இறந்தார். மன்றோ, மெக்காலே எழுதியிருப்பதுபோல், பீரங்கிகளைக் குளங்களில் தள்ளிவிட்டு ஓடாத குறையாகப் பின்வாங்கினார்.

மறுவருஷம் ஆகஸ்ட் 27ஆம் தேதி மூன்றாம் போர். ராசியான இடமென்று ஹைதர் அதே புள்ளலூரில் வந்து நின்றார். எதிரே அயர் கூட். நாள் முழுக்க அடித்துக்கொண்டு, கடைசியில் இருவருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்தும் ஊர் தன் வழக்கத்தை விடவில்லை.

இத்தனை நடந்த ஊரில் என்ன நினைவுச் சின்னம் இருக்கிறது? 1781 போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு, ஜார்ஜ் பிரவுனுக்கும் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கும், ஆளுக்கொரு கூம்புத் தூண். அவ்வளவுதான். மற்ற மரியாதையெல்லாம் வெளியூரில். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க 1780 போர் வண்ணத்தில் நடந்துகொண்டிருக்கிறது; பல்லக்கில் உட்கார்ந்தபடி பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அதே போரைக் காகிதத்தில் வரைந்த நீளமான ஓவியம் ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போயிற்று. ஜெயித்தவன் ஊரில் சித்திரம், தோற்றவன் ஊரில் ஏலம், சண்டை நடந்த ஊரில் நாற்றங்கால்.

"ஆறு கோடி ரூபாப்பா!" என்றார் வாத்தியார்.

"படத்துக்கா? அதுல எத்தினி தறி போடலாம் சார்!"

2030 செப்டம்பர் 10, புள்ளலூர்ப் போரின் 250ஆம் ஆண்டு நிறைவு. 1880இல் நூற்றாண்டும் 1980இல் இருநூறும் கைநழுவிப் போனபின் இதையாவது விடக் கூடாதென்று வாத்தியார் மனு எழுத உட்கார்ந்தார். பெறுநர் என்று எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. காஞ்சிபுரம் 1866இலேயே நகராட்சியான ஊர். 2021இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் புள்ளலூர் அதன் எல்லைக்குள் இல்லை, அது ஊராட்சி. கிராம சபையில் பேசலாமென்றால் அது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பேசி முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும். ஹைதர் அலியின் முறை வருவதற்குள் நாற்காலியை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். நினைவுத் தூண்களோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மூன்று படைகள் அனுமதி கேட்காமல் வந்து இறங்கிய இடத்தில் ஓர் அலங்கார வளைவு வைக்க வழியில்லை.

மாநகராட்சியிடம் கேட்காமலிருக்கக் காரணத்தையும் தறிக்காரரே எடுத்துக் கொடுத்தார். 2024 ஜூலையில் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, அதற்கான நாளில் உறுப்பினர்கள் ஒருவரும் மன்றத்துக்கு வராமல் தீர்மானம் தோற்றுப்போனது. வாத்தியார் அதைத் தன் குறிப்பேட்டில் காஞ்சிப் போர்களின் வரிசையில் கடைசியாக எழுதிவைத்திருக்கிறார்: இரு தரப்பும் களத்துக்கு வராத போர்.

பெறுநரைக் காலியாக விட்டுவிட்டு அவர் திட்டங்களுக்குப் போனார். முதலாவது, சிலை. யாருக்கு? மகேந்திரனுக்கு வைத்தால் தோற்றவன் என்பார்கள், திப்புவுக்கு வைத்தால் இரண்டு கட்சி எதிர்க்கும், பெய்லிக்கு வைத்தால் எல்லாக் கட்சியும் எதிர்க்கும். அடித்துவிட்டார்.

இரண்டாவது, மன்றோ குளத்தில் தள்ளிய பீரங்கிகளைத் தேடி எடுப்பது. எந்தக் குளம் என்று மெக்காலே சொல்லவில்லை; காஞ்சியில் குளத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் இருப்பதை நேரம் பார்த்து வெளியே எடுப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் 1939, 1979, 2019 என்று 40 வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளி, 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். 2019இல் வந்த கூட்டத்தை ஹைதர் பார்த்திருந்தால் படையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். பீரங்கிக்கு இந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு வந்தால் போதுமென்று வாத்தியார் கணக்குப் போட்டார். "பீரங்கி என்ன வரம் குடுக்கும் சார்?" என்றார் தறிக்காரர். அதையும் அடித்தார்.

மூன்றாவது திட்டத்தில்தான் வாத்தியாருக்கு முழு நம்பிக்கை. புள்ளலூர்ப் பட்டு. கரையில் ராக்கெட், உடலில் குதிரைப் புட்டா, முந்தியில் தரியா தௌலத் சித்திரம். தறிக்காரர் அப்போது குழித்தறியில் உட்கார்ந்து கோர்வை போட்டுக்கொண்டிருந்தார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. வலது பக்கம் அவர் மனைவி உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவர் கை நின்றாலும் உடலும் கரையும் பிணையாது. தறி நிற்காமலே பேச்சு நடந்தது.

"மயில், அன்னம், யாளி எல்லாம் பாட்டன் காலத்து அட்டை சார், கண்ண மூடிக்கினு போடலாம். விரல் கடிக்கிற மூஞ்சிக்குப் புதுசா வரஞ்சி, புள்ளி வெச்சி, அட்டை குத்தணும். எத்தினி நூறு அட்டை ஆவும் தெரியுமா?"

"ஆகட்டும்ப்பா. சரித்திரம்."

இதுவரை வாய் திறக்காத அவர் மனைவி நாடாவைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அது சரிங்க சார். மணையில உக்கார்ற பொண்ணு, விரல் கடிக்கிறவனப் போயி கட்டிக்குமா?"

அதற்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு மனுவின் போக்கே மாறியது. இந்த ஊர் தன் போர்களை எங்கே வைத்திருக்கிறது என்று அவர் வேறு பக்கமிருந்து தேட ஆரம்பித்தார். கிடைத்ததெல்லாம் கோயிலில்.

எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தூணில் கன்னடத்தில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். படையெடுத்து வந்தவன் எழுதிக்கொடுத்த ரசீது அது. அந்த வெற்றிக்காக அவன் ராணி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலோ, நம் கைலாசநாதரைப் பார்த்துக் கட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வம்சத்தின் சண்டைகளும் பட்டாபிஷேகங்களும் கட்டம் கட்டமாக, படக்கதைபோல, சில இடங்களில் பெயர்க் குறிப்போடு இருக்கின்றன. ஆற்காட்டுப் போர்க் காலத்தில் இந்த ஊரைப் பிடித்த கிளைவின் காணிக்கையென்று சொல்லப்படும் மகரகண்டி வரதரின் கழுத்தில் ஏறுகிறது. எந்தப் போரில் யார் ஜெயித்தார் என்று ஊரில் கேட்டால் முழிப்பார்கள். எந்த நகை யார் கொடுத்தது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட உடையார்பாளையம் உற்சவம். 1688 வாக்கில் மொகலாயப் படை வருமென்று பயந்து, வரதர் கோயில் உற்சவரை ரகசியமாக ஊரைவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் உடையார்பாளையத்தில் இருந்துவிட்டு 1710இல் லாலா தோடர்மால் உதவியோடு திரும்பினார். கோயிலிலேயே அதற்குக் கல்வெட்டு உண்டு. திரும்பி வந்த அந்தப் பங்குனி நாளுக்குத்தான் உற்சவம். போர்ப் பயத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிய பங்காரு காமாட்சியோ தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். ஓடிப்போனதையும் திரும்பி வந்ததையும் இந்த ஊர் ஒவ்வொரு வருஷமும், அரசாணை இல்லாமல், பிரசாதத்தோடு கொண்டாடி வருகிறது. நூறு வருஷத்துக்கு ஒரு முறை மெழுகுவத்தி ஏற்றும் தேசத்தை வாத்தியார் இத்தனை நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவில் இப்போது இரண்டே கோரிக்கைகள். ஒன்று, புள்ளலூரில் தமிழில் ஒரு பலகை. மூன்று போர்களும், மூன்றிலும் விழுந்த பெயர் தெரியாத சிப்பாய்களும் அதில் வர வேண்டும். இரண்டு, விழா நாளில் வருகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் இட்லி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டது. இரண்டாவதை ஊர் ஏற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தேதியில்தான் தறிக்காரர் தயங்கினார்.

"செப்டம்பர் பத்துன்னா ஆவணி சார். முகூர்த்த மாசம். பட்டு எடுக்க ஜனம் வர்ற நேரத்துல காந்தி ரோட்டுல ஊர்வலம்னு நின்னீங்கன்னா, கடைக்காரங்களே நாலாவது போர ஆரம்பிச்சிடுவாங்க."

வாத்தியார் செல்போனில் 2030ஆம் வருஷத்துக் காலண்டரைத் தள்ளிப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமைப்பா."

"செவ்வாயா? அன்னிக்கு யாரு முகூர்த்தப் பட்டு எடுக்கறாங்க! தாராளமா நடத்துங்க சார்."