மற்ஸும் தமிழும் படிக்கிற தம்பி

மற்ஸ் படிக்கிற பெடியனை யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். தமிழ் படிக்கிற பெடியனையும் தெரியும். இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கம்பஸுக்குப் போகிறவரைக் கண்டால்தான் ஊருக்கு விளங்காது. "மற்ஸ் ஓடுமெண்டால் மொறட்டுவைக்கெல்லோ போயிருப்பான்?" என்று மாமிமார் கேட்பார்கள். தாய் பாவம், கலியாணத் தரகரிடம் பாதியை விழுங்கிவிடுவார்: "தம்பி கணக்குப் படிக்குது." தமிழ் என்று வாய்திறந்தால் சீதனம் இறங்கும் என்பது குடாநாட்டில் நிறுவாமலே ஏற்றுக்கொண்ட தேற்றம்.

ஆளைத் திருநெல்வேலிச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் பிடிக்கலாம். வடை சுற்றிவந்த பேப்பரில் எழுதிக்கொண்டிருப்பார். கவிதையாக்கும் என்று எட்டிப் பார்த்தால் பெருக்கல்.

"மச்சான், நாலடி வெண்பா, பதினைஞ்சு சீர், மொத்தம் எத்தினை இருக்கேலும் சொல்லு? ஈரசைச் சீர் நாலு, காய்ச்சீர் நாலு. கனி உள்ளுக்கு வராது. ஆக எட்டு. மாவுக்குப் பிறகு நிரை, விளத்துக்கும் காய்க்கும் பிறகு நேர். அப்ப முதற்சீரில எட்டு. பிறகு 13 இடத்திலயும் நாலு நாலுதான் பொருந்தும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு. அதில ரண்டு."

விடை: 107,37,41,824. இரண்டின் முப்பதாம் அடுக்கு! எதுகை மோனை எல்லாம் புறம்பு. (நானும் வீட்டில் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.)

"இதில நல்ல வெண்பா எத்தினை?" என்று கேட்டால், "அது தமிழ்த்துறை பார்க்கிற வேலை" என்பார். தமிழ்த்துறைக்காரரோ இவரைக் கணக்குக்காரர் என்பார்கள். கணிதத்துறையில் இவர் புலவர். இவ்வளவுக்கும் ஆள் ஒரு வெண்பாவும் எழுதியதில்லை.

பகிடி பண்ணினால் நேரே வட்டுக்கோட்டைக்குப் போய்விடுவார். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் அங்கே படித்த நம்மவர்களே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை: வீசகணிதத்தைத் தமிழில் எழுதியவர். மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை: 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். "அவையளிட்ட ஆரும் ஏன் ரண்டு படிக்கிறியள் எண்டு கேட்டவையோ?" என்பார். பதில் சொல்ல எனக்கும் வாய் வராது. இந்த விடயத்திலும் ஆள் பிழைவிடவில்லை.

கடைசியில் தரகர் கொண்டுவந்த பெண் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. தாய் விழுங்கிய பாதி எப்படியோ வெளியில் வந்துவிட்டது. பெண்ணுக்கோ அந்தப் பாதிதான் பிடித்துப்போனது. "எனக்கொரு வெண்பா எழுதித் தரச் சொல்லுங்கோ" என்று தரகரிடம் சொல்லியனுப்பினாள்.

ஆள் தரகரை வாசலிலேயே மறித்துக் கேட்டாராம்: "நேரிசையோ, இன்னிசையோ?"