192 வரைக்கும் நடக்கப் போறியா, பேராண்டி?

192-க்குக் காரணி ஜோடி எழுதிட்டு வரச் சொன்னாங்களா? பேஷ். 1-ல ஆரம்பிச்சு 192 வரைக்கும் ஒவ்வொண்ணா வகுத்துப் பாரு. அவசரமே இல்ல. பொழுது சாஞ்சுட்டா அரிக்கேன் விளக்கு ஏத்தித் தர்றேன். நீ குனிஞ்சு எழுதற அழகைப் பாத்து உங்கப்பன் பூரிச்சுப் போவான். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லி ஒருத்தனும் கூப்பிடமாட்டான்.

சீக்கிரம் முடிக்கற உத்தேசம் இருந்தா மட்டும் காதைக் குடு. இந்த வீட்டுல மாப்பிள்ளையைக் கண்டா பொண்ணும் கூடவே வந்துரும். தரகனுக்கு ரெண்டு தடவை எதுக்குக் கமிஷன்? 1-க்கு 192. (உன் செட்டுப் பயலுக பாதிப்பேர் இதைத்தான் விட்டுட்டு வருவானுக.) 2-க்கு 96, 3-க்கு 64, 4-க்கு 48. 5 ஆகாது, கடைசியில 2 நிக்குதே. 6-க்கு 32. ஏழால வகுத்தா மூணு மிச்சம், விடு. 8-க்கு 24. 9, 10, 11 மூணுக்கும் ஜாதகம் சேரல. 12-க்கு 16. 13-க்கும் கைவிரிப்புதான். அவ்வளவுதான், பென்சிலைக் கீழே வை. பதினாலு பதினாலு 196, எண்ணையே தாண்டிருச்சு. இனிமே எவன் வந்தாலும் அவனோட ஜோடி 14-க்குக் கீழேதான் இருக்கணும், அவங்களையெல்லாம்தான் விசாரிச்சாச்சே! 16 வந்து நின்னா, ‘உனக்கு 12-ஓட முடிஞ்சு போச்சு, கிளம்பு’ன்னு சொல்லிரு.

நேத்து 91-ஐப் பகா எண்ணுன்னு எழுதி வெச்சியே, மகாராசா! பத்துப் பத்து நூறு. ஆக 9 வரைக்கும் பாத்தாப் போதும். ஏழை ஒரு வார்த்தை கேட்டியா? அது 13 கையைப் புடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்குது. உனக்குத்தான் ஏழுன்னாலே எட்டிக்காய், வாய்ப்பாட்டுல ஆறோட எந்திரிச்சு ஓடற ஆளு.

உனக்கு 192 வீட்டுப்பாடம். எங்களுக்கு அது ஒரு ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. பெருக்கிப் பாரு. மூணு பங்காளிக்குப் பிரிச்சா ஆளுக்கு 64 தம்பிடி, சண்டைக்கே வழியில்ல. 1957-ல நயா பைசா வந்துச்சு. ரூபாய் 100 ஆயிருச்சு. 192-க்கு ஏழு ஜோடி இருந்த இடத்துல 100-க்கு அஞ்சே ஜோடி. அதுலயும் 10 தன்னையே கட்டிக்கிட்டு நிக்குது, அதனால காரணி மொத்தம் ஒன்பதுதான். இப்படி ஒத்தைப்படையா முடியறது வர்க்க எண்ணுக்கு மட்டும்தான். வேற எண்ணுக்கு ஒத்தைப்படை வந்தா எவனையோ விட்டுட்டேன்னு வெச்சுக்க.

நூறை மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 33 போக ஒரு பைசா அந்தரத்துல தொங்கும். பிரிச்ச கூலின்னு அதைப் பிரிச்சவனே மடியில முடிஞ்சுக்குவான். பங்காளிக மூணு பேர் கூடினாலே, பிரிச்சுக் குடுக்க நான்தான் முதல் ஆளாப் போய் நிப்பேன்.