கட்டளைக் குறுக்கம்: வெஸ்ட் வின்ட்சர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் பெயரில்தான் பிரின்ஸ்டன். இருப்பது நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில். அங்கிருந்து நியூயார்க் போகும் காலை வண்டியில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கும் தமிழரின் கறுப்புத் திரையை எட்டிப் பார்த்தால் 'ஆர்வி 412' என்பது போல ஒரு வரி தென்படும். சக ஊழியர் எழுதிய நிரலை ரிவ்யூ செய்யும் வேலை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஐகாரமும் ஔகாரமும் குறுகுவதற்கு இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. இதற்குக் கட்டளைக் குறுக்கம் என்று பெயரிடுவோம்.

குறுகியதை விரித்தால் வருவது இது. கையில் பாதியில் நிற்கும் சொந்த வேலையை 'ஸ்டாஷ்' செய்து ஒதுக்க வேண்டும். 'கிட் ஃபெட்ச் ஆரிஜின் புல்/412/ஹெட்' என்று அடித்து 412 என்ற எண்ணுள்ள புல் ரிக்வெஸ்டை (பி.ஆரை) இறக்க வேண்டும். பிறகு பிரான்ச் மாறி, மாறிய கோப்புகளைப் பட்டியலிட்டு, டெஸ்ட் ஓட்டி, பழைய இடத்துக்குத் திரும்பி, ஒதுக்கியதை மீட்க வேண்டும். 2020இல் கிட்ஹப் நிறுவனமே 'ஜிஎச்' என்ற கருவியின் முதல் பதிப்பை வெளியிட்டு, இறக்குவதையும் பிரான்ச் மாறுவதையும் ஒரே கட்டளையாக்கியது. 'ஆர்வி' போன்ற சொந்த ஸ்கிரிப்டுகள் அதனால் ஒழிந்துவிடவில்லை. ஜிஎச்சையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வரி நீண்டன.

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கும் நன்னூல் இங்கே கைகொடுக்கிறது. முதல்நூல் 'டிஃப்'. வெஸ்ட் வின்ட்சருக்கு வடக்கே, அதே நியூ ஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் பிறந்தது. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டைக் கண்டறியும் அதன் முறையை ஹன்ட்டும் மெக்கில்ராயும் 1976இல் அறிக்கையாக எழுதினார்கள். வழிநூல் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்'. ஒப்பீட்டுக்கு அது இயல்பாகக் கையாளுவது மயர்ஸ் 1986இல் வெளியிட்ட முறையை. இரண்டிலும் கொஞ்சம் ஏற்று, கொஞ்சம் திரித்து, ஆசிரியர் பெயர்கூட இல்லாமல் கிடப்பது சார்புநூல். நம் ஸ்கிரிப்ட் அதுதான்.

பெயர் சூட்டலில் வெஸ்ட் வின்ட்சருக்கு ஒரு முன்னோடி உண்டு. 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பான ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தில் செவ்வாய்வாசிகள் இறங்கிய குரோவர்ஸ் மில், வெஸ்ட் வின்ட்சரைச் சேர்ந்த பகுதி. நாடகத்தை எழுதிய ஹோவர்ட் கோச், வரைபடத்தின்மேல் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்து அந்த இடத்தைத் தேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். 'ஆர்வி', 'ஆர்வி2', 'ஆர்விநியூ' என்ற பெயர்களும் அதே முறையில் பிறந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இனி குற்றங்கள். நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் பத்தைச் சொன்னார். வரிக்கடைசியில் தங்கிய வெற்றிடம் அந்தப் பத்தில் இல்லை. 'கிட் டிஃப் --செக்' விடாமல் பிடிப்பதோ அதைத்தான். பத்தில் எதையும் ஸ்கிரிப்ட் பிடித்துத் தராது. ஆனால் பத்தையும் ஸ்கிரிப்டிலேயே காணலாம். ஒரே ஐந்து வரி இரண்டு இடத்தில் இருந்தால் கூறியது கூறல். மூடப்பட்ட ப்ராஜெக்டுக்காக எழுதிய 'இஃப்' இன்னும் உட்கார்ந்திருந்தால் நின்று பயனின்மை. ரிவ்யூவுக்கென்று எழுதியது திடீரென அடுத்த ரயிலின் நேரத்தையும் காட்டினால் மற்றொன்று விரித்தல். உதவிக் குறிப்பு விரிவாகத் தொடங்கி 'டூடூ' என்று முடிந்தால் சென்று தேய்ந்து இறுதல்.

காரணம் எளிது. ஊரார் நிரலையெல்லாம் ரிவ்யூ செய்ய உதவும் இந்த ஸ்கிரிப்டை ஒருவரும் ரிவ்யூ செய்ததில்லை. அது பி.ஆராகப் போவதில்லை, '.பாஷ்ஆர்சி' கோப்பில் பிறந்து, ஸ்லாக் வழியாகப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கைமாறுகிறது. 2020 அக்டோபரில் கிட்ஹப் புதிய ரெப்போக்களின் முதன்மை பிரான்ச்சை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' ஆக்கியதும் ஸ்கிரிப்டில் பாடபேதம் தோன்றியது. சிலர் சொல்லை மாற்றினார்கள். சிலர் இரண்டையும் தேடிப் பார்க்கும்படி எழுதினார்கள். சிலர் பிழைச் செய்தியை மறைக்கும் ஒரு வரியைச் சேர்த்து நிம்மதியானார்கள். மூன்றாம் பாடமே அதிகம் பரவும் வகை.

இந்தப் பாடங்களை ஒப்பிட்டுச் செம்பதிப்புக் காண உ.வே.சா.வின் பொறுமை வேண்டும். ஒப்பிடுவதற்கென்றே குழுவில் யாரிடமாவது தனி ஸ்கிரிப்ட் இருக்கும். அவர் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்.