வீட்டுக்கடன் யோகம்

சென்னைப் புறநகரில் 70 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு. சாவியோடு சிரிக்கும் விளம்பரத் தம்பதியை நம்பி வங்கிக்குள் நுழைகிறவருக்கு முதல் பாடம்: ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் கிடையாது. மீதி 14 லட்சம் அவர் பாடு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று பத்திரச் செலவு 9 சதவீதம், அந்த 6.30 லட்சம் இந்தக் கணக்கிலேயே வராது. ஆக, கடன்காரராவதற்கே கையில் 20 லட்சம் வேண்டும்.

பிறகு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. எந்தக் காலத்திலோ காலமான ஒரு தாத்தாவின் வாரிசுச் சான்றிதழைக் காணோம் என்று வங்கி வக்கீல் நிச்சயம் கண்டுபிடிப்பார்.

வாழ்நாளில் கடனே வாங்காத உத்தமருக்கு சிபில் மதிப்பெண்ணே இருக்காது. மரியாதை, கடன் வாங்கிப் பழகியவருக்குத்தான்!

56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 48,600 ரூபாய். வட்டி மட்டுமே 60 லட்சத்தைத் தாண்டும்.

கடன் தீர்ந்ததும் பத்திரம் திரும்புமா? 30 நாளுக்குள் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட வேண்டியிருந்தது. நம்மிடம் அத்தனை காகிதம் கேட்டவர்களுக்குத்தான் அந்த ஆணை.