சாலைக்கு ஓரம் இருந்த காலம்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் மணிக்கு 50 காசாக இருந்த காலம் அது. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டிருக்கும். நான் எடுப்பது எப்போதும் ஏழாம் நம்பர். அதற்குத்தான் பெல் கணீரென்று அடிக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு, முன்டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துத் தருவார். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுக் கண்மாய்க்கரை ஏறி, அரச மரத்தைச் சுற்றி, மணி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே திரும்பிவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தையும் கடைவாசலிலேயே வட்டமடித்துத் தீர்த்த பிறகுதான் ஸ்டாண்டு போடுவோம். நீங்களும் அப்படித் தீர்த்தவராகத்தான் இருப்பீர்கள்.

அன்றைக்கு ரோடு என்றால் நடுவில் ஒரு பட்டைத் தார். இரண்டு பக்கமும் புளியமர நிழலில் செம்மண். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஆட்டுமந்தையும் அந்தச் செம்மண்ணில்தான் போனோம். லாரி வந்தால் இன்னும் கொஞ்சம் ஒதுங்குவோம். ஒதுங்க இடம் இருந்தது. அதற்குப் பாதை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால், காணாமல் போனபோது யாராவது தேடியிருப்பார்கள்.

அந்த ஓரத்தில்தான் என் அத்தை சைக்கிள் கற்றுக்கொண்டாள். 1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வீறுகொண்டு நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்கு வர வேண்டும் என்று அதையும் இயக்கத்தில் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்கள், நர்சுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள்; முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நிலா வெளிச்சத்தில் சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு அத்தை ஏற, நான் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடுவேன். ஒரு ராத்திரி, "விட்றாதடா, விட்றாதடா" என்று அவள் கத்திக்கொண்டே போக, என் கை எப்போதோ கேரியரை விட்டிருந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் அணிவகுத்தபோது அத்தையும் அதில் ஒருத்தி. அதன் பிறகு தண்ணீர்க் குடமும் ரேஷன் மூட்டையும் அவளோடு கேரியரில்தான் வந்தன. பஸ்ஸுக்காக அவள் காத்து நின்று நான் பார்க்கவில்லை.

இப்போது ரோடு அகலமாகிவிட்டது. அது எனக்குச் சந்தோஷம்தான். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் ஆம்புலன்ஸ் பறந்து வந்ததும் இதே ரோட்டில்தான். ஆனால் புளியமரங்கள் போய்விட்டன, தார் வீட்டுப்படி வரை வந்துவிட்டது, ஓரம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. அந்தப் புதுச் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் வரை தள்ளிக்கொண்டே போகிறாள். கேட்டால், "பஸ் உரசிட்டுப் போகுது மாமா" என்கிறாள். பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாவட்டத்தில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தொலைந்த அந்த ஓரத்துக்கு அளவும் இருக்கிறது. நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012லேயே எழுதிவைத்திருக்கிறது. சக்கர நாற்காலிக்காரரும் தடியூன்றும் பாட்டியும் சிரமமில்லாமல் ஏற வேண்டுமே, அதற்காக. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கையே வகுத்தது. 2019இல் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அங்கே ஒரு மாலை, பேரனின் கையைக் கூடப் பிடிக்காமல் ஒரு தாத்தா நிம்மதியாக நடந்துபோனதைப் பார்த்தேன். அந்த நிம்மதி தி.நகருக்கு வாய்க்கும் என்றால் எங்கள் ஊருக்கும் வாய்க்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை அளந்தோம். மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே ஓரிடத்தில் 40 சென்டிமீட்டர். பிள்ளைகள் புத்தகப்பையைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தால்தான் நுழைய முடிகிறது. கண்மாய்க்கரை மட்டும் அப்படியே கிடக்கிறது. கருவேல முள்ளை வெட்டி, மண்ணை இறுக்கிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வரை சைக்கிள் போகும். நடைபாதை கேட்டு எழுதிய மனுவில் அதையும் சேர்த்திருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறோம்.

கையெழுத்து வாங்க அத்தை வீட்டுக்கும் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டாள். மகன் மைப்பெட்டியை எடுத்து வந்தான். "அதை உள்ள வை" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறிவொளியில் பழகிய அதே பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் விட்டு, தன் பெயரை எழுதி முடித்தாள். பிறகு பேனாவை மூடாமலேயே, "திங்கக்கிழமை எத்தனை மணிக்குடா கெளம்புறோம்?" என்று கேட்டாள்.